விஷ்போன் பூம் கட்டி பாயோட வயித்தை சரி பண்றது எப்படி: கொடைக்கானல் ஏரிக்கு ஏத்த முழு வழிகாட்டி

சாதா பூம் (பாயோட அடியை விரிச்சுப் பிடிக்கற கம்பு) போட்ட பாய்மரப் படகுல பாயோட வடிவத்தை, அதாவது காத்துல அது புடைக்கற வயித்தை, மாத்தணும்னா கை மூணு நாலு கயிறுக்கு ஓடணும், அவுட்ஹால் (பாயோட பின் மூலையை பூம் நுனிக்கு இழுக்கற கயிறு) இழுத்தா அடிப்பக்கம் தட்டையாகும், வேங் (பூம் எழும்பாம கீழ பிடிக்கற கயிறு) இழுத்தா பின் ஓரம் இறுகும், ஷீட்டும் (பாயை உள்ள இழுத்து வெளிய விடற கயிறு) கூட சேந்து கொஞ்சம் வேலை பாக்கும். விஷ்போன்ல, அதாவது பாயை ரெண்டு பக்கமும் சுத்தி வர்ற வளைஞ்ச பூம்ல, இதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கயிறுக்குள்ள வந்துடும், அதுக்கு சோக்கர்னு பேரு. ஆனா சோக்கர் ஒழுங்கா வேலை செய்யணும்னா பூம் மாஸ்ட்ல (பாய் ஏத்தற கம்பத்துல) எந்த உயரத்துல தொங்குதுங்கறது முதல்ல சரியா இருக்கணும். உயரத்தை கரையிலேயே முடிச்சிடுங்க, தண்ணியில இறங்கின பிறகு சோக்கரை மட்டும் தொடுங்க. பல பேர் இதை தலைகீழா பண்ணிட்டு, பாய் சரியில்லன்னு புதுப் பாய்க்கு காசு செலவு பண்றாங்க.

மேல இருந்து பாத்தா விஷ்போன் ஒரு பெரிய மாவிலையோட விளிம்பு மாதிரி இருக்கும். நடுவுல பாய், ரெண்டு பக்கமும் வளைஞ்ச கை, முன்னாடி மாஸ்டைத் தாண்டி ரெண்டு கையும் சேரும், பின்னாடி பாயோட பின் மூலையில சேரும். அந்த பின் மூலைதான் கிளியூ. பாயோட முன் ஓரம் லஃப், பின் ஓரம் லீச், அடி ஓரம் ஃபுட், முன்னாடி கீழ் மூலை டேக், இவ்வளவு தெரிஞ்சா போதும், மேற்கொண்டு போகலாம்.

விண்ட்சர்ஃபிங் பலகையில ஆளு பிடிச்சிட்டு நிக்கிறாரே, அதுவும் விஷ்போன்தான். ஹாய்ல் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் ரெண்டு பேருக்கும் அமெரிக்காவுல 1970ல அந்தப் பலகைக்கு காப்புரிமை கிடைச்சுது. பெரிய படகுன்னா, 1978ல கனடாவுல வந்த நான்சச் 30 இருக்கு, மார்க் எல்லிஸ் டிசைன், ஒரே மாஸ்ட், ஒரே பாய், ஒரு பெரிய விஷ்போன், சோக்கர் கயிறு ஓட்டறவர் உக்காந்திருக்கற இடம் வரைக்கும் வரும். நாம கட்டப்போறது அதோட சின்ன தம்பி.

வேங் இல்லாம எப்படி சமாளிக்குது

விஷ்போன் படுத்தாப்ல இருக்காது, முன்பக்கம் மேல, பின்பக்கம் கீழன்னு சாய்ஞ்சிருக்கும். மாஸ்ட்ல பூம் தொங்கற புள்ளி, கீழ டேக், பின்னாடி கிளியூ, இந்த மூணையும் மனசுல கோடு போட்டு சேத்துப் பாருங்க, ஒரு முக்கோணம் வரும். காத்து அடிச்சதும் கிளியூ மேல எழும்பப் பாக்கும், ஆனா எழும்பணும்னா டேக்குக்கும் கிளியூவுக்கும் நடுவுல இருக்கற தூரம் கூடணும், அதை பாயோட அடி ஓரம் விடாது. அதனால பூம் தானா எழும்பாது, வேங்குக்கு வேலையே இல்ல.

இதோட பலன் மலை ஏரியில ரொம்ப பெருசு. சாதா பூம்ல ஷீட்டை தளத்தினா பூம் எழும்பி பாயோட மேல்பாகம் முறுக்கிக்கும், வடிவமே மாறிடும். விஷ்போன்ல ஷீட் தளத்தினாலும் பாய் அதே வடிவத்தோட சும்மா வெளிய திரும்பும், அவ்வளவுதான். கொடைக்கானல் ஏரி 1863ல மதுரை கலெக்டரா இருந்த லெவின்ஜ் ஓடையை மறிச்சு உண்டாக்கினது, சுமார் 60 ஏக்கர், நட்சத்திரம் போல கை கையா பிரிஞ்சு கிடக்கும். சுத்தி மேடு, மரம். ஒரு கையில இருந்து அடுத்த கைக்கு திரும்பினா காத்து திசையும் வேகமும் மாறிடும், ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது, அடுத்த நிமிஷம் மரத்துக்கு மேல இருந்து திடீர்னு காத்து அடி ஒண்ணு இறங்கும். இங்க ஷீட்டை விட்டு விட்டு பிடிச்சிட்டே இருக்கணும், ஒவ்வொரு தடவையும் பாய் வடிவம் கெட்டா படகு நகராது.

இன்னொண்ணு, இங்க காத்து மெல்லிசு. ஏரி இருக்கறது 2,100 மீட்டருக்கு மேல, இந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கடற்கரையை விட கிட்டத்தட்ட 20 சதவீதம் கம்மி. அதே வேகத்துல அடிச்சாலும் பாய்ல விழற தள்ளு அந்த அளவுக்கு கம்மியாதான் இருக்கும். சென்னையில 10 நாட் (நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) காத்துல கிடைக்கற தள்ளு இங்க வேணும்னா 11 நாட்டுக்கு கொஞ்சம் மேல வேணும். ஆகவே கடற்கரைப் பழக்கத்துல இருந்து வர்றவங்க சோக்கரை எப்பவும் சீக்கிரமே இறுக்கிடறாங்க. இங்க பாய்க்கு ஒரு படி கூடுதல் வயிறு விடலாம்.

அனுமதி, ஆபத்து

எந்த ஏரியா இருந்தாலும் சொந்தப் படகு இறக்கறதுக்கு முன்னாடி அங்க பொறுப்புல இருக்கறவங்க கிட்ட கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. கொடைக்கானல் பக்கத்துல இருக்கற பேரிஜம் ஏரி வனத்துறை கட்டுப்பாட்டுல இருக்கு, அந்த ஆசை வேண்டாம். நீலகிரியில மின்வாரிய அணைகளும் நெனச்சா இறங்கற இடம் இல்ல. லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க, தண்ணி ஜில்லுன்னு இருக்கும், கவுந்தா கை விரல் சீக்கிரம் மரத்துப் போயிடும். ஏப்ரல், மே மத்தியானம் இடி கேட்டா கரைக்கு வந்துடுங்க, மாஸ்ட் தூக்கி நிக்கற படகுல இருக்கற இடம் அது இல்ல. சீசன்ல பெடல் படகுக்காரங்க எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது, நாமதான் ஒதுங்கணும்.

அளவு

உதாரணத்துக்கு 12 அடி படகு, லஃப் 4.2 மீட்டர், ஃபுட் 2.4 மீட்டர், கிளியூ டேக்கை விட 20 சென்டிமீட்டர் உயரத்துல இருக்குன்னு வெச்சுக்கோங்க. பூம் தொங்கற புள்ளி டேக்குல இருந்து 1.2 மீட்டர் மேல. அப்போ மாஸ்ட்ல இருந்து கிளியூ வரைக்கும் பூம் நீளம் 2.55 மீட்டர் வரும், முன்னாடி மாஸ்டைத் தாண்டி 20-25 சென்டிமீட்டர், பின்னாடி 10 சென்டிமீட்டர், மொத்தம் 2.9 மீட்டர். உங்க பாய்க்கு வேற கணக்கு வரும், தரையில பாயை விரிச்சு, பக்கத்துல ஒரு கம்பை மாஸ்டா நெனச்சுப் போட்டு நூல் பிடிச்சு அளந்துடுங்க, அதுதான் சுலபம்.

அகலத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பாய் 15 சதவீதம் வயிறு தள்ளினா நடுவுல 30 சென்டிமீட்டருக்கு மேல வெளிய வரும், அந்த வயிறு கையில உரசவே கூடாது. உரசினா வயித்துக்கு குறுக்க ஒரு மடிப்பு விழும், விஷ்போனோட பாதி லாபம் அங்கேயே போச்சு. நடுக்கோட்டுல இருந்து ஒவ்வொரு கையும் 38-40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், அந்த அதிகபட்ச அகலம் முன்னாடி இருந்து 40 சதவீத தூரத்துல வரட்டும். ரெண்டு கைக்கும் நடுவுல குறுக்குக் கட்டை போட முடியாது, பாய் இருக்கே, அதனால கை தானே விறைப்பா நிக்கணும்.

எதுல செய்யறது

பழைய விண்ட்சர்ஃப் பூம் கிடைச்சா யோசிக்காம எடுத்துக்கோங்க, நீளம் போதுமான்னு மட்டும் பாருங்க. அடுத்தது அலுமினியக் குழாய், 32 மில்லிமீட்டர் வெளி விட்டம், 2 மில்லிமீட்டர் கனம். மாடிப்படி கைப்பிடி வளைக்கற கடையில ரெண்டு குழாயையும் ஒரே அச்சுல வளைக்க சொல்லுங்க. "அண்ணே, ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு போல வேணும், ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுக் காட்டுங்க"ன்னு கேட்டு, கண்ணால பாத்துட்டுத்தான் காசு கொடுக்கணும். ரெண்டு கைக்கும் வளைவு வித்தியாசப்பட்டா ஒரு பக்கம் போகும்போது பாய் நல்லா இருக்கும், மறுபக்கம் திரும்பினா உரசும், காரணம் தெரியாம தலையை பிச்சுக்குவீங்க.

பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம். பூம் கிளியூவை பின்னாடி தள்ளிட்டே இருக்கு, அதனால கை ரெண்டும் எப்பவும் நசுக்கற விசையில இருக்கும், ஏற்கெனவே வளைஞ்ச கை இன்னும் வெளிய வளையப் பாக்கும். பிவிசி முதல் நல்ல காத்துலயே தொங்கிடும், அது தொங்கற அளவுக்கு பாய்ல வயிறு கூடும், அடிக்கற காத்துல வயிறு கூடினா படகு சாயும்.

எனக்குப் பிடிச்சது கல்மூங்கில். உள்ள ஓட்டை சின்னது, கனமான சுவர், மலையடிவாரத்து மூங்கில் கடைகள்ல தேடினா லேசா வளைஞ்ச கம்பாவே கிடைக்கும், கடைக்காரர் நேரான கம்பை நீட்டுவாரு, நீங்க அவர் ஒதுக்கிப் போட்ட குவியலைப் பாருங்க. முத்தின கம்பா, நிழல்ல காய்ஞ்சதா இருக்கணும், பச்சையா வாங்கிட்டு வந்து கொடைக்கானல் ஈரத்துல காய வெச்சா பூஞ்சைதான் மிஞ்சும். ஆணி அடிக்காதீங்க, பெரிய துளையும் போடாதீங்க, நீளவாக்குல பொளந்துடும். ரெண்டு முனையிலயும் நைலான் நூலை நெருக்கமா சுத்தி மேல எபாக்ஸி தடவிடுங்க, முனை சேருற இடத்துல கயிறு கட்டுதான் போடணும். சில்வர் ஓக் இங்க எஸ்டேட் எங்கயும் நிக்குதேன்னு அதுல செய்ய ஆசை வரும், செய்யலாம், பட்டை பட்டையா அறுத்து அச்சுல ஒட்டி வளைக்கணும், மெது மரம் அது, கனம் கூட்டணும், கடைசியில பூம் தலைக்கு மேல ஒரு சுமை.

கட்டற வரிசை

மாஸ்ட் தனியா நிக்கற ரகமா இருக்கட்டும், பக்கவாட்டு ஒயர் இருந்தா பூமை வெளிய விடும்போது கை அதுல இடிக்கும். மாஸ்டோட கால் உக்காரற குழியும் மேல் தட்டுல அது நுழையற ஓட்டையும் ஆடக்கூடாது, ஆடினா ஆப்பு வெச்சு இறுக்குங்க. மாஸ்ட் ஆடற படகுல பாய் வடிவத்தைப் பத்திப் பேசறது வீண்.

பாயை ஏத்தறதுக்கு முன்னாடி விஷ்போனை மாஸ்டுக்கு மாட்டணும். இதை மறந்தா பாயை கழட்டி மறுபடி முதல்ல இருந்துதான். தொங்கற கயிறு ஒண்ணு மாஸ்ட்ல கட்டி பூமோட முன்பக்கத்தை தாங்கும். மாஸ்டை மூணு நாலு சுத்து சுத்தி இறுக்கற வழுக்காத முடிச்சு போட்டீங்கன்னா, பாரம் விழும்போது பிடிச்சுக்கும், தளத்தினா மேல கீழ தள்ளிக்கலாம், துளை போடவே வேண்டாம். மாஸ்ட் வழவழன்னு இருந்தா முடிச்சுக்கு கீழ சைக்கிள் ட்யூப் துண்டு ஒண்ணு சுத்திடுங்க. பின்பக்கத்துக்கு மாஸ்ட் உச்சியில இருந்து ஒரு மெல்லிசுக் கயிறு, பாய் இறக்கினதும் பூம் தலையில விழாம அது தாங்கும், பாய் ஏறின பிறகு அது தொளதொளன்னு இருக்கணும், விறைப்பா இருந்தா லீச் எப்பவுமே இறுகாது.

இப்போ சோக்கர். பூம் தொங்கற உயரத்துல மாஸ்டை சுத்தி ஒரு பட்டை, அதுல முன்பக்கத்தைப் பாத்தாப்ல ஒரு கப்பி. பூமோட முன் முனையில இன்னொரு கப்பி. கயிறோட ஒரு நுனியை மாஸ்ட் பட்டையில கட்டி, முன் முனைக் கப்பிக்குள்ள விட்டு, திரும்ப மாஸ்ட் கப்பிக்கு கொண்டு வந்து, மாஸ்டை ஒட்டி கீழ இறக்குங்க. இழுத்தா முன் முனை மாஸ்டை நோக்கி வரும், முழு பூமும் பின்னாடி போகும், கிளியூவும் கூடவே பின்னாடி போகும், பாய் தட்டையாகும். இது ரெண்டு மடங்கு, அதாவது கையோட இழுப்பு ரெண்டு மடங்காகும். கீழ மாஸ்ட் அடியில இன்னொரு ரெண்டு மடங்கு சேத்தா நாலு மடங்கு, ஒத்தைக் கையால காத்துல இழுக்கறதுக்கு அது வேணும். நுனியை உக்கார்ற இடத்துக்கு பக்கத்துல ஜாம் க்ளீட்ல (கயிறைக் கவ்விப் பிடிக்கற பிடி) கொண்டு வந்து முடிங்க. எழுந்து முன்னாடி போய் இழுக்கற மாதிரி வெச்சா நீங்க இழுக்கவே மாட்டீங்க. விண்ட்சர்ஃப் பூம்ல பின் முனையில அவுட்ஹால் இருக்கும், அதை ஒரு தடவை செட் பண்ணி விட்டுடுங்க, ஓடும்போது அது எட்டாது.

கை ரெண்டும் மாஸ்ட்ல உரசற இடத்துல தோல் சுத்துங்க. தோல் இல்லன்னா பழைய தீயணைப்பு ஹோஸ் துண்டு.

பிறகு பாயை ரெண்டு கைக்கும் நடுவால விட்டு ஏத்துங்க. லஃப்ல வளையமோ கயிறுப் பின்னலோ இருந்தா பட்டை ரெண்டு வளையத்துக்கு நடுவுல போயிடும், பாயே உறை மாதிரி மாஸ்ட்ல மாட்டற ரகம்னா அந்த உயரத்துல ஜன்னல் வெட்டி ஓரம் தைக்கணும். கிளியூவை பின் முனையில கட்டும்போது சோக்கரை அதோட ஓட்டத்துல பாதியில வெச்சுட்டு கட்டுங்க, அப்போதான் ரெண்டு பக்கமும் இடம் இருக்கும். ஷீட் பின் முனைக்கு, சாதா ரெண்டு மடங்கு கப்பி போதும், பூமை கீழ இழுக்கற வேலை அதுக்கு பெருசா இல்ல.

உயரம்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

இளங்காத்து அடிக்கற நேரமா பாத்து படகோட மூக்கை கரையில ஒரு மரத்துல கட்டுங்க. ஹாலியார்டை (பாயை மேல ஏத்தற கயிறை) இழுத்து லஃப்ல கிடைமட்டமா சுருக்கம் போற வரைக்கும் ஏத்துங்க, மாஸ்டை ஒட்டி செங்குத்தா ஒரு மடிப்பு வந்தா அதிகம், கொஞ்சம் விடுங்க. சோக்கர் நடுவுல. ஒருத்தர் ஷீட்டைப் பிடிச்சு பாயில காத்து நிறைய வைக்கட்டும், இன்னொருத்தர் பின்னாடி நின்னு பாக்கணும். அவர் இப்படி சொல்றார்னு வெச்சுக்கோங்க:

"அண்ணே, மேல பின் ஓரம் படபடன்னு அடிக்குது, கீழ ஃபுட்டு முறுக்கேறி நிக்குது."

அப்படின்னா பூம் ரொம்ப படுத்திருக்கு, தொங்கற புள்ளியை மேல ஏத்தணும். இதுக்கு நேர் எதிரா, லீச் உள்பக்கமா கொக்கி போட்டு இறுகி நிக்கும், அடிப்பக்கம் பை பையா தொங்கும், அப்போ புள்ளியை கீழ இறக்கணும்.

ஏன் இப்படின்னா, பூம் கிளியூவை ஒரே நேரத்துல பின்னாடியும் தள்ளுது கீழயும் தள்ளுது. பின்னாடி தள்ளறது ஃபுட்டை இழுக்கும், கீழ தள்ளறது லீச்சை இழுக்கும். ரெண்டுக்கும் எவ்வளவு பங்குன்னு சாய்வுதான் முடிவு பண்ணும். நம்ம உதாரணப் படகுல புள்ளி 1.2 மீட்டர்ல இருந்தா சாய்வு 23 டிகிரி, பின்னாடி 10 கிலோ தள்ளினா கீழ 4 கிலோ சொச்சம். புள்ளியை 1.5 மீட்டருக்கு ஏத்தினா 29 டிகிரி, கீழ அஞ்சரை கிலோ. 0.9 மீட்டருக்கு இறக்கினா 17 டிகிரி, கீழ 3 கிலோதான். முப்பது சென்டிமீட்டர் ஏத்தி இறக்கறதுல லீச்சுக்கு போற பங்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு மாறுது பாருங்க. அதனால 5 சென்டிமீட்டர் 5 சென்டிமீட்டரா நகத்துங்க. ஒவ்வொரு தடவையும் சோக்கரை தளத்திட்டு நகத்தி மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்க, மாஸ்ட் பட்டையையும் கூடவே நகத்துங்க, இல்லன்னா சோக்கர் கோணலா இழுத்து பூமை தூக்கிடும்.

சரியான உயரம் எப்படி தெரியும்? சோக்கரை மெதுவா இறுக்கிட்டே வரும்போது ஃபுட்டும் லீச்சும் சேந்தே இறுகணும். ஒண்ணு முந்தினா இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. சேந்து இறுகற இடம் வந்ததும் மாஸ்ட்ல பெயிண்ட்ல கோடு போட்டுடுங்க, இனிமே அந்த உயரத்தை தொடாதீங்க. லேசான காத்து மட்டுமே வர்ற நாட்களுக்கு ஒரு 5 சென்டிமீட்டர் கீழ இன்னொரு கோடு போட்டுக்கலாம், மேல லீச் திறந்திருந்தா லேசான காத்துல நல்லது.

வயித்தை அளக்கறது, கயிறுல நூல் கட்டறது

பாயோட பாதி உயரத்துல லஃப்ல இருந்து லீச் வரைக்கும் கலர் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க. படகுக்குள்ள ஃபுட்டுக்கு நடுவுல மல்லாக்க படுத்து போன்ல மேல பாத்து படம் எடுங்க. படத்துல டேப்போட ரெண்டு முனையையும் நேர் கோட்டால சேத்து, அந்தக் கோட்டுல இருந்து டேப் எவ்வளவு ஆழமா வளைஞ்சிருக்குன்னு ஸ்கேல் வெச்சுப் பாத்து கோட்டு நீளத்தால வகுங்க. 15 சதவீதம் நல்ல வயிறு, 12 நடுத்தரம், 10 தட்டை. ஆழம் அதிகமா இருக்கற புள்ளி லஃப்ல இருந்து 40-50 சதவீதத்துக்குள்ள வரணும், அதுக்குப் பின்னாடி போனா லஃப்பை இன்னும் இறுக்குங்க, முன்னாடி வரும்.

நம்ம உதாரணப் பாய்ல 15 சதவீதத்துல இருந்து 10 சதவீதத்துக்கு வர கிளியூ நகர வேண்டிய தூரம் வெறும் 7 சென்டிமீட்டர் சொச்சம். அதுலயும் 15ல இருந்து 12க்கு வர நாலரை சென்டிமீட்டருக்கு மேல, 12ல இருந்து 10க்கு வர மூணுக்கும் கம்மி, தட்டையாக ஆக ஒவ்வொரு சென்டிமீட்டரும் கூடுதலா வேலை பாக்கும். நாலு மடங்கு கப்பியில கயிறு சுமார் 30 சென்டிமீட்டர் ஓடும். க்ளீட் கிட்ட கயிறுல 15, 12, 10ன்னு மூணு இடத்துல மூணு கலர் நூல் தைச்சுடுங்க. இங்க பனி கவிஞ்சு பாயோட உச்சியே தெரியாத நேரம் வரும், அப்போ நூல்தான் கண்ணு.

இன்னொரு விஷயம் இதுல ஒளிஞ்சிருக்கு. சோக்கரை இறுக்கினா மாஸ்டை அந்த உயரத்துல முன்பக்கமா இழுக்கும், தனியா நிக்கற மாஸ்ட் நடுவுல முன்னாடி வளையும், அது பாயோட நடுப்பாகத்தை இன்னும் தட்டையாக்கும். கிளியூல இருந்து மாஸ்ட் நடுவுக்கு சாய்வா மடிப்பு ஓடுச்சுன்னா மாஸ்ட் பாயோட வெட்டுக்கு மேல வளையுதுன்னு அர்த்தம், சோக்கரை ரெண்டு விரல் விடுங்க.

டெல்டேல் (காத்து பாய்ல எப்படி ஓடுதுன்னு காட்டற சின்ன நூல்) கட்டறதுக்கு பழைய ஸ்வெட்டர் நூல் நல்லாத்தான் இருக்கும், ஆனா பனியில நனைஞ்சா பாய்லயே ஒட்டிக்கும். கேசட் டேப் நாடா 15 சென்டிமீட்டர் துண்டு ஒட்டாது. லீச்ல மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு கண்டிப்பா வேணும்.

தண்ணியில

காலையில ஏரி அசையாது, வெயில் ஏறி சரிவு சூடான பிறகுதான் கீழ இருந்து காத்து ஏறி வரும்.

காத்து தவழற நேரத்துல எல்லாரும் சோக்கரை முழுசா விட்டு வயித்தை பெருசாக்குவாங்க, அது சரியில்ல. அவ்வளவு மெதுவான காத்து ஆழமான வளைவை சுத்தி ஒட்டிட்டு வராது, பின்பக்கம் பிரிஞ்சு போயிடும், மேல் லீச் நாடா பாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். 12 நூல்ல வெச்சு, ஷீட்டை சும்மா பிடிச்சு, படகை காத்தில்லாத பக்கமா கொஞ்சம் சாய்ச்சு உக்காருங்க, பாய் தன் எடையிலேயே வடிவத்துக்கு வந்துடும். நாடா பறக்க ஆரம்பிச்சு தண்ணியில சின்னச் சின்ன சுருக்கம் தெரிஞ்சதும் 15க்கு விடுங்க, அதுதான் வயிறு சோறு போடற நேரம். ஏரியில பெரும்பாலும் இங்கதான் நிப்பீங்க.

ஓரத்துல உக்காந்து உடம்பை வெளிய சாய்க்க வேண்டியது வந்தா 12, அப்பவும் படகு நிமிரலன்னா 10. அதுக்கு மேலயும்னா ரீஃப், அதாவது பாயோட அடிப்பாகத்தை மடிச்சுக் கட்டி பாயை சின்னதாக்கறது. பாயை இறக்கி டேக்கையும் கிளியூவையும் பழைய இடத்துலயே கட்டினா பூமோட சாய்வு மாறாது, உயரக் கோடு அப்படியே பொருந்தும்.

மரத்து மேல இருந்து வர்ற திடீர் அடிக்கு சோக்கரைத் தொடாதீங்க, நேரம் கிடையாது. ஷீட்டை ஒரு முழம் விடுங்க, படகு நிமிரும், திரும்ப இழுங்க. ஏரியோட ஒரே கையில அஞ்சு நிமிஷமா அதே மாதிரி அடி வந்துட்டே இருந்தா மட்டும் ஒரு நூல் இறுக்குங்க. பைன் மரத்து நிழல்ல நுழையும்போது ஒரு நூல் விட்டுடறது நல்ல பழக்கம்.

காத்தைப் பின்னாடி வாங்கிட்டு போகும்போது சோக்கர் 15 தாண்டியும் விடலாம், பாய் கையில உரசாத வரைக்கும். திரும்பும்போது பூம் துள்ளி மேல எழும்பாது, முன்பாதி தலைக்கு மேலயே இருக்கும், அதனால பசங்களை ஏத்திட்டு போறவங்களுக்கு இதைத்தான் சொல்லுவேன். ஆனா பின் முனை தாழ்வா வரும், ஷீட் பக்கம் உக்கார்றவர் தலையைக் குனிஞ்சே ஆகணும்.

ஏதோ சரியில்லன்னா

படகு ஒரு பக்கம் மட்டும் மந்தமா இருந்தா ரெண்டு கையோட வளைவை ஒப்பிடுங்க, பிறகு பூம் நடுவுல தொங்குதான்னு பாருங்க. ரெண்டு பக்கமும் மந்தம்னா பாய் மேல பழி போடறதுக்கு முன்னாடி சென்டர்போர்டை (படகுக்கு அடியில தண்ணிக்குள்ள இறங்கி நிக்கற பலகையை) தூக்கிப் பாருங்க, இந்த ஏரியில பாசிக்கொடி சுக்கான்லயும் போர்டுலயும் கொத்தா மாட்டும், எவ்வளவு சோக்கர் இழுத்தாலும் அது போகாது. சோக்கர் நூல் அதே இடத்துல இருந்தும் வயிறு கூடிட்டே போனா கயிறு நீளுது, சாதா நைலான் நனைஞ்சா நல்லா இழுபடும், பாலியெஸ்டர் பின்னல் கயிறு 6 மில்லிமீட்டர் வாங்கிப் போடுங்க. தொங்கற முடிச்சு மெல்ல மெல்ல வழுக்கி இறங்கறதையும் பாருங்க, பெயிண்ட் கோடு இருந்தா உடனே தெரிஞ்சுடும்.

விஷ்போனோட தொல்லைன்னா நிறுத்தி வைக்கறதுதான். பாய் இறக்கினாலும் பூம் அங்கேயே தொங்கும், காத்துல அங்கயும் இங்கயும் ஆடி மாஸ்டை அடிக்கும். பின் முனையை ஷீட்டால இறுக்கி, முன் முனையை மூக்குக்கு ஒரு கயிறு போட்டு கட்டிடுங்க, ராத்திரி தங்கறதா இருந்தா பூமை முழுசா இறக்கி படகுக்குள்ள படுக்க வைங்க. மூங்கில் கையில நூல் சுத்தின இடங்களை மழைக்காலம் முடிஞ்சதும் நகத்தால சுரண்டிப் பாத்து, எபாக்ஸி உரிஞ்சிருந்தா காய வெச்சு திரும்ப தடவணும், இங்க அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான் மழை அதிகம், அதனால ஜனவரி வெயில் இதுக்கு தோது. பாயை ஈரத்தோட சுருட்டாதீங்க, வீட்டுக்குள்ள கொடியில ஒரு நாள் தொங்க விட்டுட்டு பிறகு மடிங்க.